பலன் என்கிற அளவுகோல்

தார்மீகம் பேசிப் பேசி அலுத்துவிட்டது என்கிறார் நண்பர். கூட்டம் முடிந்து டீக்கடை வாசலில் நின்றபோது சொன்னார்: “குண்டு போடுவது பாவமா இல்லையா என்பதைக் கவிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஆயுதக் குழுக்களை விமானத்தால் அடித்தால் பலன் உண்டா, அதைச் சொல்லும்.”

சரி. தார்மீகத்தைச் சற்று நேரம் கடை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, அவருடைய அளவுகோலையே கையில் எடுத்துக்கொள்கிறேன். வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். நம் விமானங்கள் நம் ஊர் ஒன்றின் மேல் குண்டு போட்ட கதை இருக்கிறது.

1959இல் மிஸோ மலைகளில் மூங்கில் பூத்தது. மூங்கில் விதையைத் தின்று எலிகள் பெருகின. பெருகிய எலிகள் பயிரைத் தின்றன. பஞ்சம் வந்தது. அஸ்ஸாம் அரசு அசட்டையாக இருந்தது. பஞ்ச நிவாரணத்துக்காக லால்டெங்கா முன்நின்று நடத்திய அமைப்பு 1961இல் மிஸோ தேசிய முன்னணி ஆயிற்று. 1966 பிப்ரவரி 28 இரவு அது ஆயுதம் எடுத்தது. மறுநாள் சுதந்திரப் பிரகடனம். அய்ஸாலில் அஸ்ஸாம் ரைஃபிள்ஸ் முகாம் முற்றுகையில் சிக்கியது. ஹெலிகாப்டரில் துருப்புகளை இறக்க நடந்த முயற்சி கீழிருந்து வந்த சூட்டில் கைகூடவில்லை. மார்ச் 5 அன்று விமானப் படையின் தூஃபானிகளும் ஹண்டர்களும் வந்தன. முதலில் துப்பாக்கிச் சூடு, பிறகு தீக்குண்டு. ஊர் எரிந்தது. ஜனங்கள் காட்டுக்கு ஓடினார்கள். சில தினங்களில் முற்றுகை விலகி ராணுவம் உள்ளே வந்தது.

நண்பர் கதையை இந்த இடத்தில் நிறுத்தச் சொல்வார். இங்கே நிறுத்தினால் பலன் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. முகாம் பிழைத்தது. ஆனால் ஒடுக்கப்பட வேண்டியது முற்றுகையா, கிளர்ச்சியா? கிளர்ச்சிதான் என்றால் கதை அன்றுதான் ஆரம்பிக்கிறது. போராளிகள் எல்லை தாண்டிக் கிழக்குப் பாகிஸ்தானின் சிட்டகாங் மலைகளில் முகாமிட்டார்கள். 1967இல் தொடங்கி, ஐந்நூறுக்கும் மேற்பட்ட கிராமங்களைக் காலி செய்து ஜனங்களைச் சாலையோரத் தொகுப்பு முகாம்களில் அடைத்தது அரசு. இருபது வருஷம் இப்படிப் போயிற்று. 1986 ஜூன் 30 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே லால்டெங்கா முதலமைச்சரானார். 1987இல் மிஸோரம் தனி மாநிலம். அவரோடு காட்டில் இருந்த ஸோரம்தங்கா பிற்பாடு தேர்தலில் ஜெயித்து, பத்து வருஷமும் பிறகு ஐந்து வருஷமும் அதே நாற்காலியில் இருந்தார். எதை ஒழிக்க விமானம் போயிற்றோ, அதனோடு உட்கார்ந்து பேசித்தான் சண்டை நின்றது.

காரணம் சிக்கலானது அல்ல. குண்டுக்கு அசையாத பொருள் வேண்டும். போராளி அசைவான், ஊர் அசையாது. ஆகவே எரிவது, எந்தப் பக்கம் சேருவது என்று அன்றுவரை தீர்மானிக்காதவனின் வீடு. அவன் சார்பாக விமானமே தீர்மானித்துவிடுகிறது.

“அது பழைய விமானம், இப்போது குறி துல்லியம்” என்பார் நண்பர். துல்லியத்தையும் பார்ப்போம். ஆளில்லா அமெரிக்க விமானங்கள் பாகிஸ்தான் தாலிபான் தலைவர் பைதுல்லா மெஹ்சூதை 2009இல் கொன்றன. ஹக்கீமுல்லா வந்தார், அவரை 2013இல் கொன்றன. ஃபஸ்லுல்லா வந்தார்; அவரை 2018இல் கொன்றன. நூர் வலி வந்தார். இயக்கம் ஓயவில்லை. ஆப்கன் தாலிபானின் தலைவர் மன்சூரை 2016இல் கொன்றார்கள். 2021 ஆகஸ்டில் அந்த இயக்கம் காபூலுக்குள் நடந்து வந்தது. குறி தவறியதாக இதில் ஒன்றுகூட இல்லை. அதுதான் விஷயம்.

மோசூலும் ரக்காவும் 2017இல் இஸ்லாமிய அரசின் கையை விட்டுப் போகவில்லையா? போயின. விமானங்களுக்குக் கீழே தெருத் தெருவாகச் செத்துக்கொண்டு முன்னேற ஆட்கள் இருந்தார்கள். மீட்ட நகரங்களில் பெரும்பகுதி இடிபாடு. விமானம் உதவும், தீர்க்காது என்பதற்கு அது சாட்சி.

இனி பெஞ்சில் உட்கார வைத்தவரைக் கூப்பிடலாம். ஏனென்றால் மிச்சமிருப்பது நம் தொழில் சம்பந்தப்பட்டது. அய்ஸால் தாக்கப்பட்டபோது விமானங்கள் ஆட்களையும் பொருள்களையும் இறக்கப் போனதாக அரசுத் தரப்பில் சொல்லப்பட்டது. தொகுப்பு முகாம்களுக்குப் ‘பாதுகாக்கப்பட்ட முன்னேற்றக் கிராமங்கள்’ என்று பெயர். 2023 ஆகஸ்டில் லோக்சபாவில் பிரதமர் இந்தக் குண்டுவீச்சைக் குறிப்பிட்டார்; எதிர்க்கட்சி மேல் எறியும் கல்லாகத்தான். இப்படிச் சொல்லைக் கெடுத்தால் பலனை அளக்கவே முடியாது. எதை அளப்பது என்பதே பெயரில் மறைந்துபோகிறது.

நாம் என்ன செய்தோம்? வியத்நாமில் விழுந்த குண்டுக்குத் தமிழில் கவிதைகள் கிடைத்தன. தூரம் சௌகரியமானது. அய்ஸாலுக்கு ஒரு வரியும் என் கண்ணில் பட்டதில்லை, நானும் எழுதவில்லை. இன்று எங்கே குண்டு விழுந்தாலும் ‘வெற்றிகரமான தாக்குதல்’ என்று மறுநாள் காலைப் பத்திரிகை எழுதுகிறது. மறுநாள் காலை அதற்கு எப்படித் தெரியும்? அந்த அடைமொழியை இந்தப் பக்கங்களில் எழுதுகிறவர்களாவது கையாளாமல் இருக்கலாம். நண்பரிடமும் கேட்கிறேன்: பலனை எந்த வருஷத்தில் நின்றுகொண்டு அளக்கிறீர்கள்? 1966 மார்ச்சிலா, 1986 ஜூனிலா?