வந்தவாசிக் கோட்டைக்குக் கணக்குக் காட்டுவார் யார்?



உத்திரமேரூரில் பல்லாண்டுகள் சரித்திரம் போதித்து ஓய்வுபெற்ற ஆசிரியனாகிய நான், சென்ற மாதம் அண்டை ஊராகிய வந்தவாசிக்கு ஒரு திருமணத்தின் பொருட்டுச் சென்றிருந்தபோது, முகூர்த்தம் முடிந்த பின் அங்குள்ள கோட்டையைச் சுற்றிவந்து, மனம் பொறாமல் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அகழியில் ஆகாயத்தாமரையும் குப்பையும் மண்டிக் கிடப்பதையும், எஞ்சிய சுவர்களைச் சீமைக் கருவேலம் மூடியிருப்பதையும் கண்டு வருந்தினேனாயினும், அவை காலத்தின் குற்றம் என்று சமாதானம் அடைந்திருப்பேன். ஆனால் ஓரிடத்தில், மதிலின் அடிவரிசையில் இரண்டு கற்கள் இல்லை. சுற்றிலும் சுண்ணாம்புக் காரை பாசி படிந்து கறுத்திருக்க, அந்தப் பள்ளத்தில் மட்டும் அது புதுச் சுவர்போல வெளுத்திருந்தது. கடப்பாரை பட்ட தழும்பும் தெரிந்தது. அதைச் செய்தது மழையுமன்று, வெயிலுமன்று.

ஆர்க்காட்டு நவாபின் குடும்பத்துக்கு உறவினரான கில்லேதார் என்னும் கோட்டைத் தலைவரின் வசம் இருந்த இக்கோட்டைக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மாறி மாறிப் போரிட்டனர். 1759 நவம்பரில் ஆங்கிலத் தளபதி அயர் கூட் இதைக் கைப்பற்ற, மீட்பதற்காக முற்றுகையிட்ட பிரெஞ்சுத் தளபதி லாலி, 1760 ஜனவரி 22ஆம் தேதி இதன் அருகிலேயே தோற்றார், உடனிருந்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி சிறைப்பட்டார், மறு ஜனவரியில் புதுச்சேரியும் வீழ்ந்தது. தென்னாட்டில் பிரெஞ்சு ஆதிக்கத்தின் கதையை முடித்து, பின்னர் நம்மை நெடுங்காலம் அடிமைப்படுத்திய கும்பெனி ஆட்சிக்கு வழி திறந்த யுத்தம் அதுவே. பள்ளிப் பாடப் புத்தகத்தில் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் அந்த ஊர், நமக்கு ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவில் இருக்கிறது.

‘அந்நியன் வெற்றிகொண்ட இடத்தை நாம் ஏன் போற்ற வேண்டும்?’ என்று கேட்பார் உண்டு. அவர்கள் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். 1780 ஆகஸ்டில், ஹைதர் அலியின் படை நெருங்கிவந்த வேளையில், ஃப்ளின்ட் என்ற ஆங்கிலப் படை லெப்டினன்ட் சுமார் நூறு சிப்பாய்களுடன் இக்கோட்டைக்குள் புகுந்து, மறு ஜனவரியில் துணைப்படை வரும் வரையில் முற்றுகையைத் தாங்கி நின்றார். அவருடைய பெயர் சரித்திர நூல்களில் இருக்கிறது. அவரோடு வந்த சிப்பாய்களின் பெயர்களை அந்நூல்களில் காணோம். நம் நாட்டு மக்களாகிய அவர்களுக்கும், மதிலுக்கு வெளியே நின்று போரிட்டு மாண்ட நம்மவர்க்கும் இந்தச் சுவர்களே நடுகல். 1783இல் ஆங்கிலேயர் தாமே இதன் அரண்களை வெடிவைத்துத் தகர்த்தனர். வெடிமருந்து விட்டுவைத்ததை நம் அலட்சியம் அழிப்பதா?

முடியாத காரியமும் அன்று இது. டேனிஷ்காரர்கள் கட்டிய தரங்கம்பாடிக் கோட்டை இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. டச்சுக்காரரின் சதுரங்கப்பட்டினக் கோட்டையையும் இந்தியத் தொல்லியல் துறை பாதுகாத்து வருகிறது. செஞ்சிக் கோட்டையோ 2025இல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலேயே இடம்பெற்றுவிட்டது. வந்தவாசிக்கு அத்தகைய பெரும் பேறு கிட்டாவிடினும், கோட்டை நிலத்தைச் சர்வே செய்து எல்லைக் கல் நாட்டுவதும், மதிலையும் அகழியையும் துப்புரவாக்குவதும், ஒரு காவலாளியை நியமிப்பதும், இரு தரப்புப் போர்வீரரையும் ஒருங்கே நினைவுகூரும் தமிழ்க் கல்வெட்டு ஒன்றை வாயிலில் நிறுத்துவதும், பொறுப்பிலுள்ள அதிகாரிகள் மனம் வைத்தால் ஓராண்டுக்குள் ஆகக்கூடியவையே. கோட்டை நிலத்தில் குடியிருப்போரை விரட்டும்படி நான் கோரவில்லை. எஞ்சிய கற்களை இனி ஒருவரும் பெயர்க்கலாகாது என்றே கோருகிறேன்.

எங்கள் ஊர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டிய சாசனங்களைக் காணத் தூர தேசத்தாரும் வருகிறார்கள். நாம் நம்மை எவ்விதம் ஆண்டுகொண்டோம் என்பதை அக்கற்கள் சொல்கின்றன; அந்த ஆட்சியுரிமையை எவ்விதம் பிறரிடம் இழந்தோம் என்பதை வந்தவாசிக் கற்கள் சொல்கின்றன. முதலதைக் காத்து இரண்டாவதைக் கைவிடும் சமூகம், தன் சரித்திரத்தில் பாதியைத்தான் படிக்கிறது.

ஊர்ச்சபை வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடவோலையில் இடலாகாது என்று கல்லில் எழுதிவைத்த ஊரிலிருந்து கேட்கிறேன்: வந்தவாசிக் கோட்டையில் இன்று எஞ்சியிருக்கும் ஒவ்வொரு கல்லுக்கும் பொறுப்பாளர் யார் என்பதை அரசு பகிரங்கமாக அறிவிக்க வேண்டும், அவர் ஆண்டுதோறும் மக்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர்,
உத்திரமேரூர்.