சட்டைப்பைக் கத்திக்கு ஒரு வக்காலத்து

மாமல்லபுரம் ஐந்து ரதம் சாலையில் கல் ஆமை, கல் பிள்ளையார், மாக்கல் விளக்கு, சிப்பி மாலை என்று கேட்டதெல்லாம் கிடைக்கும். அங்கே போய் நல்ல மடக்குக் கத்தி ஒன்று வேண்டும் என்று கேட்டால், கடைக்காரர் ஆளை ஏற இறங்கப் பார்ப்பார். கேட்டவர் இருபது வயது இளைஞராக இருந்துவிட்டால் பதிலே வராது. இரும்பால் கருங்கல்லை வெட்டியே ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாகப் பேர் வாங்கிய ஊர் இது.

கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. கத்தி நம் செய்தித்தாள்களில் இடம்பிடிப்பது குற்றச் செய்திகளில்தான். 2018 பிப்ரவரியில் மலையம்பாக்கத்தில் ஒரு ரவுடியின் பிறந்தநாள் கூட்டத்தைப் போலீஸ் சுற்றி வளைத்து எழுபது பேருக்கு மேல் பிடித்தது. அரிவாளால் கேக் வெட்டிய காட்சி கைபேசிக்குக் கைபேசி பறந்தது. அதற்குப் பிறகும் பட்டாக்கத்தியோடு படம் எடுத்துப் போட்டுக் கம்பி எண்ணப் போன பையன்கள் உண்டு. இந்தச் சூழலில், மகன் சட்டைப்பையில் மூன்று அங்குலக் கத்தி இருந்தால் எந்த அம்மாவுக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

ஆனால் பட்டாக்கத்தி வேறு, சட்டைப்பைக் கத்தி வேறு. முன்னது பிறரைப் பயமுறுத்துவதற்கு. பின்னது பார்சல் பிரிக்க, கயிறு அறுக்க, மாங்காய் நறுக்க, பென்சில் சீவ, காலில் தைத்த முள்ளைச் சுற்றித் தோலை நெகிழ்த்த. இரண்டையும் ஒன்றாகப் பார்த்துப் பயந்ததில், கையாளத் தெரியாத ஒரு தலைமுறையை வளர்த்துவிட்டோம். ஆன்லைனில் இருநூறு ரூபாய்க்கு வரும் பளபளப்பான கத்தியை வாங்கி, ஒரே மாதத்தில் மழுக்கி, மழுங்கியதை அழுத்தி அழுத்தி அறுத்து விரலைக் கிழித்துக்கொள்கிறவர்கள் அந்தத் தலைமுறைதான்.

மடக்குக் கத்தி நமக்கு வெள்ளைக்காரன் கொண்டுவந்து கொடுத்த பண்டம் என்று நினைப்பவர்கள் உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ நூலைப் புரட்டிப் பார்க்கலாம். ஓலையில் எழுதப் பயன்பட்ட எழுத்தாணி வகைகளை அவர் அதில் விவரிக்கிறார். அவற்றில் ஒன்று மடக்கெழுத்தாணி. பிடிக்குள் மடங்கும் எழுத்தாணி. அதே பிடியில் ஓலையை வாருவதற்கு ஒரு கத்தி. படித்தவர்கள் கூடவே வைத்துக்கொண்டு திரிந்த கருவி அது. பிடிப்பள்ளம், அச்சாணி, மடங்கும் அலகு என்று இன்றைய சட்டைப்பைக் கத்திக்கு வேண்டியதெல்லாம் அதில் இருந்தது. பனையோலை போனபோது அதுவும் போய்விட்டது. பனை நிறைந்த செங்கல்பட்டுச் சீமையில்கூட இன்று அதைப் பார்த்த ஆள் கிடைப்பது கஷ்டம்.

வெட்டுக் கருவிக்கு இந்த மாவட்டத்தில் இன்னும் பழைய சாட்சிகள் இருக்கின்றன. இந்தியாவில் பழைய கற்காலக் கருவி முதலில் அடையாளம் காணப்பட்டது பல்லாவரத்தில். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் எடுத்த கைக்கோடரி அது. 2019-ல் பிரித்த எல்லைப்படி பல்லாவரம் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருக்கிறது. மதுராந்தகம் பக்கத்துச் சாணூரில் 1950-லும் 1952-லும் தோண்டிய பெருங்கற்கால ஈமக்காடுகளில் இரும்புப் பொருட்கள் கிடைத்தன. பழம்பெருமை போதும். இன்றைக்குக் கையில் எடுக்கும் கத்தி எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

முதல் கத்தி வாங்குகிறவர் உலகப் புகழ்பெற்ற இரண்டை அறிந்துகொள்வது நல்லது. ஒன்று பிரான்சின் சவாய் மலைப்பகுதியில் ஜோசப் ஒபினெல் 1890-ல் செய்யத் தொடங்கிய ஒபினெல். பீச் மரப் பிடி, மெல்லிய அலகு, 1955-லிருந்து அலகின் அடியில் சுழற்றிப் பூட்டும் ஓர் உலோக வளையம். இதில் எட்டாம் எண் கத்திக்கு அலகு 8.5 சென்டிமீட்டர். இன்னொன்று சுவிட்சர்லாந்தின் விக்டோரிநாக்ஸ். கார்ல் எல்ஸ்னர் 1884-ல் தொடங்கிய பட்டறை 1897-ல் பதிவு செய்த அதிகாரிக் கத்திதான் இன்று உலகமே சிவப்புப் பிடியைப் பார்த்துக் கண்டுகொள்ளும் கத்தி. இரண்டுமே எளிய கத்திகள். படம் காட்டுவதற்கு ஆகாது, வேலைக்கு ஆகும்.

மாமல்லபுரம் கடற்கரையில் இவை எப்படி இருக்கும்? ஐப்பசி மழையில் ஒபினெலின் மரப்பிடி ஈரம் குடித்து ஊதிவிடும். அலகு பிடிக்குள் இறுகி, நகத்தைக் கொடுத்து இழுத்தாலும் வெளியே வராது. பிடியின் நுனியைத் தரையில் ஒரு தட்டு தட்டினால் வரும். வாங்கின புதிதில் மூட்டில் கொஞ்சம் எண்ணெய் விட்டு வைத்தால் இந்தத் தொல்லை குறையும். கார்பன் எஃகு அலகு உப்புக்காற்றில் ஒரே ராத்திரியில் பழுப்பேறும். ஸ்டெயின்லெஸ் என்றால் துருவே பிடிக்காது என்று நினைப்பதும் தவறு. பதின்மூன்று சதவீதம் குரோமியம் இருந்தாலும் கடல் நீரில் நனைத்து அப்படியே மடித்து வைத்தால் புள்ளி புள்ளியாக அரிக்கும். அரிப்பு தொடங்குவது கண்ணுக்குத் தெரியும் அலகில் இல்லை, மூட்டுக்குள். நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, திறந்தபடி காயவைத்து, மூட்டில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட வேண்டும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காயெண்ணெய் விடுகிறவர்கள் அதிகம். அலகில் தடவ அது தோதுதான். மூட்டில் விட்டால் நாளாவட்டத்தில் பிசுக்காகிவிடும்.

கொக்கிலமேட்டிலும் தேவனேரியிலும் கடலுக்குப் போகிறவர்களுக்கு மடக்குக் கத்தியைச் சிபாரிசு செய்யவே கூடாது. அலை அடிக்கும் ஃபைபர் படகில், காலில் வலை சுற்றும்போது, ஈரக் கையால் கத்தியை விரித்துக்கொண்டிருக்க நேரம் இல்லை. உறையில் போட்ட நேர்க்கத்திதான் அங்கே சரி. இளநீர் சீவவும் நுங்கு வெட்டவும் அருவாள் இருக்கிறது. மடக்குக் கத்தி கரையில் இருப்பவருக்கு, சின்ன வேலைக்கு. அதன் எல்லை அவ்வளவுதான். இதை ஒத்துக்கொள்ளாமல் கத்தியின் நுனியால் ஸ்க்ரூ திருகுகிறவரும், டப்பா மூடியை நெம்புகிறவரும் முதல் வாரத்திலேயே நுனியை முறித்துவிடுவார்கள்.

இனி முக்கியமான விஷயம். கத்தி வாங்குவது பாதி வேலைகூட இல்லை. தீட்டத் தெரிய வேண்டும். அதைக் கற்றுக்கொள்ள மாமல்லபுரத்தை விட நல்ல இடம் தமிழ்நாட்டில் இல்லை, கற்றுக்கொடுக்கிறோம் என்று பலகை போட்டவர் யாரும் இல்லாவிட்டாலும்.

சிற்பக் கூடங்களில் காலையிலிருந்து கேட்கும் அந்த ‘டிங் டிங்’ சத்தத்துக்குப் பின்னால் ஒரு கொல்லுப்பட்டறை இருக்கிறது. கருங்கல்லில் உள்ள படிகக்கல் உளியின் கூரைச் சீக்கிரம் தின்றுவிடும். அதனால் சிற்பி ஒரே உளியை வைத்துக்கொண்டு வேலை செய்வதில்லை. ஒரு கட்டு வைத்திருப்பார். மழுங்கியவை பட்டறைக்குப் போகும். கொல்லர் உளியின் நுனியைக் கரியில் செக்கச்செவேலென்று காய்ச்சி, சம்மட்டியால் நாலு தட்டுத் தட்டிக் கூர் எடுப்பார். பிறகு நுனியை மட்டும் தண்ணீரில் முக்குவார். எடுத்து, கல்லில் ஒரு இழுப்பு இழுத்துப் பளபளப்பாக்கிக் கூர்ந்து பார்ப்பார். உடம்பில் மிச்சமிருக்கும் சூடு நுனியை நோக்கி நகர்ந்து வரும். வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறம் மாறும். வேண்டிய நிறம் வந்த கணத்தில் முழுதாக முக்கி நிறுத்திவிடுவார். இதற்குத்தான் துவைச்சல் என்று பேர். கொஞ்சம் முந்தினால் நுனி உடையும், பிந்தினால் மடங்கும். வெப்பமானி கிடையாது. கண்தான் கணக்கு. இப்போது கார்பைடு நுனி உளியும் மின்சார வெட்டு மெஷினும் வந்து இந்தப் பட்டறைகளின் வேலையைக் குறைத்துவிட்டன என்றாலும் முற்றிலும் போய்விடவில்லை.

இந்த நிறக் கணக்கைப் பார்த்தவருக்குக் கத்தி பற்றிய ஒரு பெரிய பாடம் இலவசமாகக் கிடைத்துவிடும். தெருவில் சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் மடக்குக் கத்தியைக் கொடுக்கக் கூடாது என்பதே அது. அருவாளுக்கும் அரிவாள்மனைக்கும் அவர் சாணை அருமையாக வேலை செய்யும். கனத்த இரும்பு சூட்டைத் தாங்கும். மெல்லிய அலகோ, வேகமாகச் சுற்றும் காய்ந்த சக்கரத்தில் பட்டதும் விளிம்பில் நீலம் பாய்ந்துவிடும். உளியில் கொல்லர் தேடி நிறுத்தும் அதே நிறம் இங்கே பதம் போனதற்கு அடையாளம். அப்புறம் எத்தனை தடவை தீட்டினாலும் அந்த இடத்தில் கூர் நிற்காது.

கையால் தீட்டுவது பெரிய வித்தை இல்லை. முருகப்பா குழுமத்தின் கார்போரண்டம் யுனிவர்சல் 1954-லிருந்து சாணைப் பொருட்கள் செய்துவருகிறது. செங்கல்பட்டு ஹார்டுவேர் கடைகளில் ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நைசுமாக இருக்கும் சாணைக்கல்லைக் கேட்டு வாங்கலாம், சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். கல்லைத் தண்ணீரில் ஊறப் போட வேண்டும். அலகைக் கல்லின்மேல் படுக்க வைத்து, முதுகை மட்டும் கொஞ்சம் தூக்க வேண்டும். இரண்டு சென்டிமீட்டர் அகல அலகுக்கு முதுகு ஆறு மில்லிமீட்டர் உயர்ந்தால் கோணம் சுமார் பதினேழரைப் பாகை. சட்டைப்பைக் கத்திக்கு அது போதும். அதே கோணத்தில் நிதானமாக இழுத்துக்கொண்டே இருந்தால் மறுபக்க விளிம்பில் ஒரு பிசிறு கட்டைவிரல் நுனிக்குத் தட்டுப்படும். விரலை விளிம்பின் குறுக்கே நகர்த்திப் பார்க்க வேண்டும், நெடுக ஓட்டினால் ரத்தம்தான். பிசிறு வந்ததும் பக்கம் மாற்று. கடைசியில் நைசான பக்கத்தில் அழுத்தமே இல்லாமல் சில இழுப்பு. செய்தித்தாள் ஒன்றை ஒரு கையில் தொங்கவிட்டு வெட்டிப் பார்க்கலாம். சரசரவென்று இறங்கினால் வேலை முடிந்தது. பிய்த்துக்கொண்டு போனால் கோணம் ஆடியிருக்கிறது, மறுபடியும் முதலிலிருந்து.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் என்றே செய்த பொருட்களை ஆயுதக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதன் கீழ் வந்த விதிகளின் பட்டியலில் இருப்பது ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ, இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்திகள். பட்டன் தட்டினால் பாய்ந்து திறக்கும் கத்தி வேறு ரகம். தில்லி நிர்வாகம் 1980-லேயே அதன் அலகு நீளத்துக்கு 7.62 சென்டிமீட்டர் என்று கோடு போட்டது. ஸ்பிரிங் பட்டன் கத்தி முதல் கத்தியாக வேண்டவே வேண்டாம். அதனால் ஆகும் வேலை எதுவும் சாதாரணக் கத்தியால் ஆகாததில்லை, அதனால் வரும் வம்பு அதிகம். உத்தரப்பிரதேசத்து ராம்பூர் கத்திக்கு நேர்ந்ததும் அதுதான். இந்தி சினிமா வில்லன்கள் கையில் ஏறிய பிறகு தொழிலே நசிந்தது. 2023-ல் அந்த ஊர் இருபதடிக் கத்தி ஒன்றை நாற்சந்தியில் நிறுத்தித் தன் பழைய பேரை மீட்கப் பார்த்தது. எந்தக் கத்தியானாலும் விமானக் கைப்பையிலும் நீதிமன்ற வளாகத்திலும் கூடாது. அரசியல் கூட்டத்துக்கும் கல்லூரிக்கும் கொண்டுபோகாமல் இருப்பது புத்திசாலித்தனம்.

எந்த வயதில் கொடுக்கலாம் என்பதில் கருத்து வேறுபடும். உலகெங்கும் சாரணர் இயக்கம் சிறுவர்களுக்குக் கத்தியைக் கையாளக் கற்றுத்தருகிறது. அலகைத் தன் உடம்பை விட்டு வெளியே செலுத்து, மடித்துக் கொடு, மடித்து வாங்கு என்பவை அங்கே பால பாடம். இங்கே பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒரு ஆப்பிளை நறுக்கினாலே ‘வெச்சுடு, கைய வெட்டிக்குவே’ என்ற குரல் அடுக்களையிலிருந்து வரும். வெட்டிக்கொள்ளாமல் நறுக்குவது எப்படி என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர அரை மணி நேரம் போதும்.

மாமல்லபுரம் கல் சிற்பத்துக்கு 2017-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1957-லிருந்து இங்கே அரசு சிற்பக் கல்லூரி இருக்கிறது. அரசின் பூம்புகார் கைவினைப்பொருள் விற்பனை நிலையமும் இருக்கிறது. உளிக்குத் துவைச்சல் போடத் தெரிந்த கொல்லரும், பிடி செதுக்கத் தெரிந்த தச்சரும் ஒரே ஊரில் இருக்கிறார்கள். மூன்று அங்குல அலகு, பனை வைரத்தில் பிடி, பட்டன் இல்லாத எளிய பூட்டு, கூடவே ஒரு துண்டுச் சாணைக்கல், தீட்டும் முறையைப் படத்தோடு அச்சிட்ட ஒரு தாள். பூம்புகார் நிறுவனம் முதலில் ஐம்பது கத்தி செய்து பார்க்கட்டும். அதில் பத்தையாவது மடக்கெழுத்தாணி வடிவத்தில் செய்யட்டும்.