எத்தனை பேரைக் கேட்டால் உண்மை தெரியும்?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானையில் வேகும் அரிசி எல்லாம் ஒரே அரிசி. மனிதர்கள் அப்படி அல்ல.

திருச்சியில் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும் வீடுகள் அதிகமா? காவிரிக்கு அப்பால் ஸ்ரீரங்கத்தில் அதிகமா? இங்கே பத்து வீடு, அங்கே பத்து வீடு கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லலாமா?

கூடாது. நல்ல காசைப் பத்து முறை சுண்டினாலும் ஏழு முறை தலை விழுவது உண்டு. அது தற்செயல்.

அப்படியானால் எத்தனை வீடு கேட்பது? அதற்குக் கணக்கு இருக்கிறது.

திருச்சியில் நூற்றுக்கு 50 வீடு, ஸ்ரீரங்கத்தில் 40 வீடு என்று வைத்துக்கொள்வோம். ஊருக்குச் சுமார் 390 வீடுகளைக் கேட்டால், ஐந்தில் நான்கு தடவை இந்த வித்தியாசம் பிடிபடும். 50-க்கு 45 என்றால்? வித்தியாசம் பாதி, கேட்க வேண்டிய வீடுகளோ நான்கு மடங்கு! ஊருக்குச் சுமார் 1,560 வீடுகள் தேவை.

ஊர் பெரிதா, சிறிதா என்பது முக்கியம் அல்ல. வித்தியாசம் எவ்வளவு சிறியது என்பதே முக்கியம். வீடுகளையும் சீட்டுக் குலுக்கித்தான் எடுக்க வேண்டும். கடைவீதியில் எதிர்ப்பட்டவர்களை மட்டும் கேட்டால் கணக்குக் கவிழ்ந்துவிடும்.

செங்கற்பட்டில் நடந்த சோதனை

உயிர் காக்கும் மருந்துக்கும் இதே கணக்குத்தான்.

பி.சி.ஜி. ஊசி காசநோயைத் தடுக்குமா என்று அறிய, 1968-இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் ஒரு பெரும் சோதனை தொடங்கியது. சுமார் 2,60,000 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பிரிவினருக்கு அதிக மருந்து; இன்னொரு பிரிவினருக்குக் குறைந்த மருந்து; மூன்றாம் பிரிவினருக்கு மருந்தே இல்லாத ஊசி.

இத்தனை பேர் எதற்கு? ஓர் ஆண்டில் புதிதாகக் காசநோய் காண்பவர் ஆயிரத்தில் ஒரு சிலரே. சில ஆயிரம் பேரோடு நிறுத்தியிருந்தால், விரல்விட்டு எண்ணக்கூடிய நோயாளிகளை வைத்து, "ஊசி பலித்துவிட்டது" என்று பறைசாற்றியிருக்கலாம். மக்களும் நம்பியிருப்பார்கள்.

1979-இல் முடிவு வெளிவந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை!

கசப்பான உண்மைதான். ஆனால் உண்மை. குழந்தைகளுக்கு மூளையைத் தாக்கும் கொடிய காசநோயைத் தடுக்க அதே ஊசி உதவுகிறது. அதனால்தான் பிறந்த குழந்தைக்கு இன்றும் போடுகிறார்கள். அதைத் தவறவிடலாகாது.

"பத்தில் எட்டுப் பேருக்குக் குணம்" என்று எந்த விளம்பரமாவது சொன்னால், உடனே காசை எடுத்து நீட்ட வேண்டாம். "எத்தனை பத்துப் பேரைப் பார்த்தீர்கள்? அவர்களைப் பொறுக்கி எடுத்தது யார்?" என்று கேளுங்கள்.

கேட்கத் தெரிந்த குடும்பத்தை ஏமாற்றுவது எளிதல்ல.