காப்பை நீக்குமுன் கேட்க வேண்டாமா?

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் எல்லையோரத்தில், வேப்பனப்பள்ளி போன்ற ஊர்களில் வாழும் மாணவர்களுக்குக் கல் புதிதன்று. கருங்கல் குவாரிகள் நிறைந்த மாவட்டம் இது. வயல்வரப்பில் சாய்ந்து நிற்கும் நடுகற்களும் இங்கே உண்டு. இரண்டும் கல்தான், ஆனால் ஒன்றை அறுத்து விற்கலாம், மற்றதைக் காக்க வேண்டும். எதைக் காப்பது, எதைக் கைவிடுவது என்று முடிவு செய்வது யார்?

மாவட்டத்தின் கிருஷ்ணகிரிக் கோட்டையும் இராயக்கோட்டைக் கோட்டையும் மைய அரசின் 1958-ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டத்தால் காக்கப்படுபவை. ஒரு சின்னத்தைப் புதிதாகப் பட்டியலில் சேர்ப்பதானால், இரண்டு மாதம் முன்னறிவிப்புக் கொடுத்து மக்களின் ஆட்சேபனைகளைக் கேட்க வேண்டும் என்கிறது அச்சட்டத்தின் 4-ஆம் பிரிவு. ஆனால் நீக்குவதைப் பற்றிய 35-ஆம் பிரிவைப் பாருங்கள். சின்னம் தேசிய முக்கியத்துவத்தை இழந்துவிட்டது என்று அரசு கருதினால் போதும். அரசிதழில் அறிவித்து நீக்கிவிடலாம். அறிஞர்களைக் கலந்துகொள்ள வேண்டும் என்ற கட்டாயம் அப்பிரிவில் இல்லை.

இது வெறும் ஏட்டுப் பிரச்சினையன்று. 3,693 சின்னங்களுள் 50 காணாமற்போயின என்று 2022-இல் நாடாளுமன்றக் குழுவிடம் அரசே கூறியது. 14 நகர வளர்ச்சியில் மறைந்தன. 12 அணைநீரில் மூழ்கின. 24 இருக்குமிடம் தெரியவில்லை. 2024 மார்ச்சில் 18 சின்னங்களை நீக்கும் அறிவிப்பு வந்தது. அரியானா மாநிலம் முஜேசரில், முகலாயர் காலத்தில் சாலைத் தூரத்தைக் காட்ட நின்ற தூணும் அவற்றுள் ஒன்று. அம்முறை கருத்துக் கூற இரண்டு மாதம் தரப்பட்டது. நல்ல செயலே. ஆனால் நல்ல மனத்தை நம்பியிராமல், அதைச் சட்டமாக்க வேண்டும்.

"இல்லாத சின்னத்துக்குக் காப்பு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது என்பதால் அருகில் வாழ்வோருக்குத் தொல்லையும் உண்டு. ஆனால் 'இல்லை' என்பது வேறு. 'முக்கியமில்லை' என்பது வேறு. இரண்டாவதைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

இதே மாவட்டத்து மயிலாடும்பாறையே சான்று. அங்கே கிடைத்த மாதிரிகளில் கார்பன்-14 அணுக்களை முடுக்கி நிறைமானியால் எண்ணினார்கள். தமிழகத்தில் இரும்பின் பயன்பாடு கி.மு. 2172 வரை பின்னோக்கிச் செல்வதாக 2022-இல் அறிவிக்கப்பட்டது. இந்த அளவீட்டுக்குச் சிறிதளவு கரிமப் பொருளே போதும். நேற்றுச் சாதாரண மேடாகத் தோன்றியது, இன்று வரலாற்றையே மாற்றுகிறது. நாளை எந்தக் கருவி எதைக் காட்டுமோ!

இங்கிலாந்தில் ஒரு சின்னத்தைப் பட்டியலிலிருந்து நீக்குமுன், 'ஹிஸ்டாரிக் இங்கிலாந்து' என்னும் ஆலோசனை அமைப்பை அமைச்சர் கலந்துகொண்டே ஆக வேண்டும். இங்கும் தொல்லியல், கல்வெட்டியல், நிலவியல் அறிஞர் குழுவைக் கேட்பது கட்டாயமாகட்டும். அவர்கள் கூறிய கருத்து வெளியிடப்படட்டும். அந்த ஊர் மக்களும் பேசட்டும். இறுதி முடிவு அரசினுடையதாகவே இருக்கலாம். ஆனால் கேட்டபின் எடுத்த முடிவாக இருக்க வேண்டும். தவறாகச் சேர்த்த பெயரை என்றும் நீக்கலாம். காப்பிழந்து உடைந்துபோன கல்லை மீண்டும் படைக்க எந்த அறிவியலாலும் முடியாது.