நள்ளிரவில் வருபவர் யார்?

பேராதனைச் சர்வகலாசாலையின் விடுதிகளிலே நள்ளிரவு கடந்தும் விளக்கெரியும் அறைகள் பல உண்டு. பரீட்சைக் காலமாயின் சொல்லவே வேண்டியதில்லை. அவ்வறைகளுள் ஒன்றில் ஒரு மாணவன், "இனி நான் இருந்து என்ன பயன்?" என்று தோழனிடம் கூறிவிட்டு மௌனமாகின்றான் என வைத்துக்கொள்வோம். தோழன் யாரை அழைப்பான்? காவலாளியையா, பொலிஸாரையா, மலைக்கு மேலே லயத்து வீட்டில் உறங்கும் தாயையா?

அட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதித் தோட்டங்களிலிருந்து உயர்கல்விக்கு வரும் நம் பிள்ளைகளை முன்னிட்டே இவ்வினாவை எழுப்புகின்றோம். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேதான். அதற்கு முன் அவற்றுட் பல, ஓராசிரியரோடு ஐந்தாம் வகுப்பளவில் நின்றுவிட்டவை. எனவே இன்று சர்வகலாசாலை வாயிலை மிதிக்கும் தோட்டத்துப் பிள்ளை, பெரும்பாலும் தன் குடும்பத்தில் முதன்முதலாக மிதிப்பவனே. அவன் தேறினால் லயமே தேறியதாகும். தவறினால்? கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டி அவனைப் படிக்கவைத்த தாயிடம் அதை எங்ஙனம் சொல்வான்? "நல்லா இருக்கேம்மா" என்று தொலைபேசியில் கூறிவிட்டு, போர்வைக்குள் முகம் புதைத்துக்கொள்கின்றான். இந்தச் சுமை பாடத்திட்டம் எதிலும் எழுதப்பட்டதன்று.

இங்கே மருத்துவ உலகம் கண்ட உண்மை ஒன்றைக் கூறவேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பலருக்குப் புயல்போல் வந்து, சில நாழிகையில் தணிந்துவிடுவது. அதற்கு நம் நாடே சான்று. 1995இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் மாண்டனர்; உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்று அது. பின்னர் கொடிய நஞ்சுடைய பூச்சிகொல்லிகளையும் களைகொல்லிகளையும் அரசு படிப்படியாகத் தடைசெய்தது. இருபது ஆண்டுகளுக்குள் அவ்விகிதம் மூன்றில் ஒன்றளவாகக் குறைந்தது. மக்களின் துன்பம் அந்த அளவு குறைந்துவிடவில்லை. துயருற்ற வேளையிற் கைக்கெட்டிய பொருள் உயிரைப் பறிக்கும் வலிமை இழந்தது. பிழைத்தவர்களுட் பெரும்பாலோர் மீண்டும் வாழ்வையே நாடினர். ஆகவே அந்தச் சில நாழிகை கடக்கும்வரை பக்கத்தில் ஒருவர் இருந்தால், அதுவே பெரிய வைத்தியமாகும்.

அப்படிப் பக்கத்திலிருப்பதையே ஒரு பணியாக்கியவர்கள் உண்டு. 1953இல் லண்டனில் சாட் வாரா என்னும் பாதிரியார், துயருற்றோர் அழைப்பதற்கெனத் தொலைபேசி ஒன்றை வைத்தார். தம்மைக் காண வந்தோர் காத்திருக்கையில் பேச்சுத் துணைக்குச் சில தொண்டர்களை அமர்த்தினார். அத்தொண்டர்கள் தேநீர் கொடுத்துக் காதுகொடுத்துக் கேட்டதிலேயே பலர் ஆறுதலடைந்து, பாதிரியாரைக் காணாமலே திரும்பினராம்! (அந்தத் தேநீரில் நம் மலையின் கொழுந்தும் கலந்திருக்கக்கூடும்.) அவ்வழியைப் பின்பற்றி 1974இல் கொழும்பிலே 'சுமித்திரயோ' தோன்றியது. அமெரிக்காவில் ஒறிகன் மாநிலத்து யூஜின் நகரிலோ, 1989 முதல் குழுவொன்று வாகனமேறித் துயருற்றவரின் இடத்துக்கே சென்றது. மருத்துவப் பயிற்சி பெற்ற ஒருவர், மனத்துயர் ஆற்றப் பழகிய ஒருவர், இருவர் மட்டுமே. பணமுடையால் 2025இல் அந்நகரில் அச்சேவை நின்றுபோனது. ஆயினும் அம்முறை வேறு பல நகரங்களுக்கும் சில சர்வகலாசாலைகளுக்கும் பரவிவிட்டது.

இத்தகைய குழுவொன்றை நம் சர்வகலாசாலையில் நடத்துபவரின் கடமை யாது? கூட்டத்தோடு போகாதிருப்பதே முதற் கடமை என்போம். சீருடையும் சங்கொலியும் அறைவாசலுக்கு வந்துவிட்டால் விடுதி முழுவதும் விழித்துக்கொள்ளும். அம்மாணவனுக்கோ துயரத்தோடு அவமானமும் சேரும். இருவர் செல்லட்டும். பெண்கள் விடுதியாயின் ஒரு பெண்ணாவது செல்லவேண்டும். ஒருவர் அருகமர்ந்து பேச, மற்றவர் வாசலில் நெருங்கும் தோழர்களை அமைதியாக அப்பாற்படுத்தி, ஆபத்தான பொருள்களை ஓசையின்றி அகற்றவேண்டும். "சாக வேண்டும் என்ற நினைப்பு உண்டா?" என்று நேராகவே கேட்கவேண்டும். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணம் புகுந்துவிடும் என்று நம்மவர் அஞ்சுவர். அவ்வச்சம் ஆதாரமற்றது, கேட்டபின் பலருக்கு நெஞ்சுப் பாரம் குறைவதையே மருத்துவர் கண்டுள்ளனர்.

இதினும் கடினமான கடமை ஒன்றுண்டு: முடிவெடுத்தல். இன்றிரவே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வதா, தோழனைத் துணைவைத்து விடியலில் மீண்டும் வருவதா? பேராதனைப் போதனா வைத்தியசாலை அருகிலேதான் இருக்கின்றது. ஆயினும் வேண்டாதவனைக் கட்டாயப்படுத்தி அழைத்துச் சென்றால், அடுத்த முறை அவன் வாய்திறக்கமாட்டான். வேண்டியவனை விட்டுவந்தால் அடுத்த முறை என்பதே இல்லாது போகலாம். இம்முடிவைத் தலைவர் ஒருவரே தம் தோளிற் சுமத்தலாகாது. நிபுணர் ஒருவரை எந்நேரமும் தொலைபேசியில் எழுப்பும் உரிமை அவருக்கு இருத்தல்வேண்டும்.

மொழி என்ன சிறு விஷயமா? நம் தோட்டத்துப் பிள்ளை, "மனச்சோர்வு" என்று புத்தக மொழியிற் சொல்லமாட்டான். "நெஞ்சு அடைக்குது", "மனசு சரியில்ல", "தலை பாரமா இருக்கு" என்பான். இச்சொற்களைக் கேட்டு மாத்திரை ஒன்றை நீட்டுபவரும் உண்டு. அச்சொற்களுக்குள் இருப்பதைக் கேட்கத் தமிழறிந்த செவி வேண்டும். பிறமொழியிற் பேசி அழச்சொல்வது, பசித்தவனை இலக்கணப்படி சோறு கேட்கச் சொல்வது போன்றது.

இரகசியமும் காக்கப்படவேண்டும். லயத்தில் இரு வீடுகளுக்கு நடுவே ஒரே சுவர். காலையில் ஒரு வாசலிற் பேசியது மாலைக்குள் தோட்டம் முழுவதும் பரவும். "அந்தப் பிள்ளைக்கு மூளை சரியில்லையாம்" என்று ஒரு சொல் புறப்பட்டால், அவன் தங்கையின் திருமணம்வரை அது தொடரும். ஆகவே வீட்டாருக்கு எதை, யார், எப்போது சொல்வது என்பதை அம்மாணவனோடு கலந்தே முடிவு செய்யவேண்டும். உயிருக்கு ஆபத்து உடனே உண்டெனில் மட்டும் இவ்விதி தளரலாம். தற்கொலைக்கு முயல்வது நம் நாட்டில் 1998 வரை சட்டப்படி குற்றமாக இருந்தது. அச்சட்டம் போய்விட்டது, பொலிஸ் வருமே என்ற அச்சம் முதியோர் மனத்தில் இன்னும் போகவில்லை. தோழர்கள் உதவி கேட்கத் தயங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இத்தகைய குழு வரும்வரை மாணவ நேயர்கள் என்ன செய்யலாம்? தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் இலக்கத்தை இன்றே அறைக் கதவின் உட்புறம் எழுதி ஒட்டுங்கள். உடலுக்கு ஆபத்து நேர்ந்துவிட்டதாயின் 1990க்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். அது வரும்வரை அறையைவிட்டு அகலாதீர்கள். புத்திமதி கூறவேண்டாம், "அம்மாவை நினைத்துப் பார்" என்றும் சொல்லவேண்டாம், அவன் நினைத்துக்கொண்டிருப்பதே அதுதான். பக்கத்தில் அமருங்கள். தண்ணீர் கொடுங்கள். அவன் பேசாவிடினும் அமர்ந்தே இருங்கள்.