கரும்பலகையில் இதயம் துடிக்குமா?

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை எடுத்துப் பாருங்க. இதயப் படம் இருக்கும். நாலு அறை, வால்வு, அம்புக்குறி எல்லாம் இருக்கும். பிள்ளைங்க அழகா வரைஞ்சு, பாகம் குறிச்சு, மார்க்கும் வாங்கிடுவாங்க. எந்த வால்வு மூடும்போது 'லப்', எது மூடும்போது 'டப்'னு கேட்டா முழிப்பாங்க. அவங்க மேல தப்பு இல்லை. நிமிஷத்துக்கு 72 தடவை துடிக்கிற உறுப்பை அசையாத படத்தில் எப்படிப் புரிஞ்சுக்கிறது?

சிறுநீரகமும் அப்படித்தான். ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுது, வெளியே வர்றது ஒன்றரை லிட்டர்தான். மீதி எங்கே போச்சு? நெஃப்ரானுக்குள்ள இருந்து தண்ணி திரும்ப ரத்தத்துக்குப் போறதை ரெண்டு நிமிஷ அனிமேஷன் வீடியோ காட்டிடும்.

ஆனா எங்களுக்கு இதைவிடப் பெரிய கவலை இனப்பெருக்கப் பாடம். "வீட்ல படிச்சுக்கோங்க"ன்னு எத்தனை வகுப்பில் தாண்டிப் போயிருக்காங்க? நீங்களே நினைச்சுப் பாருங்க. ஆசிரியரைக் குறை சொல்லல. அவருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கல, கூச்சம் இருக்கத்தான் செய்யும். விளைவு என்ன? மாதவிடாய் ஏன் வருதுன்னே தெரியாமல் ஒரு பெண் பிள்ளை பயப்படுது. குழந்தை ஆணா பெண்ணா என்பது அப்பாவிடமிருந்து வரும் எக்ஸ் அல்லது ஒய் குரோமோசோமைப் பொறுத்தது. அது தெரியாமல் இன்னைக்கும் "பொண்ணாவே பெத்துப் போடுறா"ன்னு மருமகளைத் திட்டுற வீடுகள் இருக்கு. இதையே கோட்டுச் சித்திரமா, நிதானமான குரலில், தமிழில் திரையில் காட்டினா வகுப்பில் சிரிப்பு அடங்கும், கேள்வி வரும்.

வீடியோ இல்லைன்னு சொல்ல முடியாது. பள்ளிக்கல்வித் துறையின் மணற்கேணி செயலி 2023-லேயே வந்துடுச்சு. அதில் அனிமேஷன் பாடங்கள் தமிழிலேயே இருக்கு. அது வகுப்பறைத் திரை வரைக்கும் வருதா என்பதுதான் கேள்வி.

ஒன்று மட்டும் கண்டிப்பா சொல்றோம். வீடியோவைப் போட்டுவிட்டு ஆசிரியர் மூலையில் உட்காருவதற்கோ, காலிப் பணியிடத்தை நிரப்பாமல் தள்ளிப்போடுவதற்கோ இது சாக்கு ஆகக்கூடாது. நடுவில் நிறுத்தணும், கேள்வி கேட்கணும், "இப்ப ரத்தம் எந்தப் பக்கம் போகும்?"னு பிள்ளைங்களைச் சொல்ல வைக்கணும். அதுக்கு ஆள் வேணும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற நம்ம தோழர்கள் அடுத்த கூட்டத்தில் ரெண்டே கேள்வி கேளுங்க. ஸ்மார்ட் போர்டு வேலை செய்யுதா? இனப்பெருக்கப் பாடத்தை வகுப்பில் காட்டினீங்களா? கிடைக்கிற பதிலைக் கீழே கமெண்ட்ல போடுங்க. பள்ளி பேர் வேண்டாம், மாவட்டம் போதும்.