கல்லூரிப் பட்டியலும் தலைவிதியும்

சிங்கப்பெருமாள் கோவிலில் பிள்ளையின் மார்க்கு வந்தவுடன் நரசிம்மர் சன்னதிக்கும் ஜோசியர் வீட்டுக்கும் ஓடுகிற பெற்றோர்கள், அந்தக் கவலையில் கால் பங்கையாவது கல்லூரிப் பட்டியல் எழுதுவதில் காட்டக்கூடாதா என்று கேட்கின்றோம்.

பொறியியல் கலந்தாய்வில் நடப்பதென்ன? கணிதத்துக்கு 100, பௌதிகத்துக்கும் இரசாயனத்துக்கும் தலா 50, ஆக 200 மார்க்கில் வரிசை. 2018 முதல் இணையவழிக் கலந்தாய்வில், பிள்ளை எழுதிய பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் கிடைக்கும் இடத்தைக் கம்ப்யூட்டர் ஒதுக்குகிறது. ஆகவே, அடியில் நிச்சயமாய்க் கிடைக்கக்கூடிய சில கல்லூரிகளை எழுதுவதால், மேலே எழுதிய கிண்டிக் கல்லூரி ஒருக்காலும் கைநழுவாது. "எழுதினால் அதுவே வந்துவிடும்" என்பது அபசகுனம் பார்ப்பதைப் போன்ற மூடநம்பிக்கையே.

கௌரவத்துக்காக இரண்டே பெரிய கல்லூரியை எழுதி இடமிழந்தவன் கதி என்ன? நிலத்தை அடகுவைத்துத் தரகனிடம் சீட்டு வாங்குகிறான். அல்லது ஒரகடத்துக்கு ஒப்பந்தக் கூலியாய்ப் பஸ் ஏறுகிறான். கூலிவேலை இழிவல்ல, படிக்கக் கிடைத்த இடத்தை வீண்பெருமையால் இழப்பதே இழிவு. பழியோ தலைவிதியின் மேல்!

அதற்காகச் சேர மனமில்லாத கல்லூரியை எழுதவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. முந்திய வருஷம் எந்த வகுப்பாருக்கு எந்த மார்க்கோடு இடம் முடிந்ததென்று பாருங்கள். ஆசிரியருண்டா, ஆய்வுக்கூடமுண்டா, சம்பளமென்ன என்று நேரில் விசாரியுங்கள். 6 முதல் 12 வரை அரசாங்கப் பள்ளியில் படித்தவர்க்கு 2021-ம் வருஷச் சட்டப்படியுள்ள 7.5 சதவிகித இடத்தை மறவாதீர்கள்.

தோழர்களே! பிரமன் எழுதுவதாகச் சொல்லப்படும் எழுத்தை யாரும் திருத்த முடியாதாம். பட்டியலைப் பூட்டுகிறவரை நீங்கள் திருத்தலாம்.